என் பெயரின் வாலில் இன்னொரு பெயர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மலேசியாவில், ஜொகூர் தம்போயில் நடந்தது இது. ஒரு டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், சின்னதாக ஒரு தனியார் கல்லூரி. வேலைக்குப் போகிறவர்களுக்காகச் சனிக்கிழமைகளில் மட்டும் அங்கே கணினி டிப்ளோமா வகுப்பு நடக்கும். கீழே டயர் கழற்றும் மெஷின் கத்திக்கொண்டிருக்க, மேலே நாங்கள் பதினெட்டுப் பேர் சி மொழியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். எனக்கு அப்போது வயது நாற்பத்தொன்று.

முதலில் என்னைப் பற்றி ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. பன்னிரண்டு வருடமாக, பெல்ட்டில் வரும் மூடிகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்து, குறை உள்ளதைத் தூக்கிப் போடுகிறேன். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் புத்தியைத் தொழிற்சாலையிலேயே கழற்றி வைத்துவிட்டு வரத் தெரியாது. மீன்காரர் ஐஸை விலக்கிக் காட்டாமல் வாங்க மாட்டேன். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுத்து, பேசாமல், எதிரே மூச்சு விடுவதை மட்டும் கேட்பேன். "ஒன் முன்னால சாமியே வந்து நின்னாலும் நீ ஐசி கேப்ப லா" என்பார் என் கணவர். அடையாள அட்டை கேட்பேன்தான்.

எங்கள் தொழிற்சாலையில் மூடிகளைக் கேமரா வைத்துப் பார்க்கும் மெஷின்கள் வரப் போவதாகச் சொன்னார்கள். கணினி படித்தவர்களை அந்தப் பிரிவுக்கு மாற்றுவார்களாம். படிக்காதவர்களை என்ன செய்வார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இந்த வயதில் புத்தகப் பையைத் தோளில் மாட்டினேன்.

வகுப்பில் எனக்குப் பக்கத்து இருக்கையில் ரெங்கத்திலிருந்து வரும் ஒரு பெண். என்னைவிட நாலைந்து வயது இளையவர், என்னை அக்கா என்பார். கழுத்தில் சின்ன சிலுவை போட்ட சங்கிலி. விடியும் முன்னே கிளம்பி, பஸ் மாறி வருவார். ரெங்கத்தில் ஒரு கிளினிக்கின் முகப்பில் உட்கார்ந்து நோயாளிகளைப் பதிவு செய்து, பெயர் சொல்லிக் கூப்பிடும் வேலை. அங்கே டாக்டருக்கு வயதாகிவிட்டது, வருடக் கடைசியில் கிளினிக்கை மூடுகிறார். குளுவாங்கில் ஒரு பெரிய கிளினிக்கில் பேசி வைத்திருப்பதாகவும், டிப்ளோமா கையில் இருந்தால்தான் எடுப்பார்கள் என்றும் முதல் வாரமே சொன்னார். வீட்டில் இருவர் சம்பாத்தியம் எல்லாம் இல்லை, இவர் ஒருவர்தான். இதை அவர் சோகமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார்.

எனக்கு அவரைப் பிடித்துத்தான் இருந்தது. ஒரே ஒரு குறை. என் திரையை எட்டி எட்டிப் பார்ப்பார்.

நான் ஏதாவது தட்டி ஓடவிட்டதும் அவர் கழுத்து மெல்ல என் பக்கம் திரும்பும். பார்த்துவிட்டுக் குனிந்து நோட்டில் எதையோ எழுதுவார். கேட்டால் ஒரு சிரிப்பு. வாயில் விரல் வைத்தாலும் கடிக்கத் தெரியாத மாதிரி ஒரு முகம். அந்த மாதிரி முகங்களை நான் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு கவனமாகப் பார்ப்பது வழக்கம். என் மானிட்டரைக் கொஞ்சம் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஆசிரியை, மலாய்க்காரர், நாங்கள் புவான் என்று கூப்பிடுவோம், ஒரு பயிற்சி கொடுத்தார். வருகைப் பட்டியல் அச்சிடும் ஒரு புரோகிராம். ஒரே வரிசையில் உட்காரும் ஐந்து பேரின் பெயர்களை வாங்கி, ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்ட வேண்டும். பெயர் ஐசியில் இருக்கிற மாதிரியே முழுசாக இருக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து, கல்லூரிக் கணினியிலேயே, அவர் கண் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும்.

சி மொழி தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பெயரை உள்ளே வைக்க வேண்டுமானால் அதற்கு வரிசையாகப் பெட்டிகள் கட்டித் தர வேண்டும். ஒரு பெட்டிக்கு ஓர் ஆங்கில எழுத்து. சொற்களுக்கு நடுவில் உள்ள இடைவெளிக்கும் ஒரு பெட்டி. ஐந்து பேர் என்றால் ஐந்து வரிசைப் பெட்டிகள். இவற்றை நிரப்ப, திரும்பத் திரும்ப ஓடும் இரண்டு லூப், ஒன்றுக்குள் ஒன்று. வெளியே இருக்கும் லூப் ஆள் ஆளாக நகரும். உள்ளே இருக்கும் லூப் அந்த ஆளின் பெயரை எழுத்து எழுத்தாகப் பெட்டியில் போடும். பெயர் முடிந்ததும் அடுத்த பெட்டியில் ஒரு பூஜ்யம் வைக்க வேண்டும், அதுதான் இங்கே முடிந்தது என்பதற்கு அடையாளம் என்றார் புவான். நான் அதை எழுதி, அடியில் கோடும் போட்டேன். பூஜ்யம் வைக்கும் வரி அவர் கொடுத்த மாதிரியிலேயே இருந்ததால், அதைப் பற்றி அப்புறம் நினைக்கவே இல்லை. ஆளுக்கு எத்தனை பெட்டி என்று ஒருவர் கேட்டதற்கு, முப்பது போதும் என்றார் புவான்.

கடைசியாக ஒன்றையும் சொன்னார். ஒருவர் மற்றவருடையதைப் பார்த்து எழுதினாலோ, தொட்டுக் கெடுத்தாலோ, ஆபீசில் புகார் எழுதித் தரலாம். உண்மை என்று தெரிந்தால் செய்தவரை வகுப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள். போன வருடம் அப்படி ஒருவரை எடுத்தார்களாம்.

அந்த வாரம் வீட்டில் உட்கார்ந்து எழுதி முடித்தேன். சோதித்துப் பார்க்க என் பெயர், கணவர் பெயர், இரண்டு பிள்ளைகள், ஒரு நாத்தனார் என்று ஐந்து பெயர்களைத் தட்டினேன். முழுப்பெயர் தட்ட யாருக்குப் பொறுமை? கூப்பிடும் பெயரை மட்டும் போட்டேன். அழகாக ஓடியது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஓகே மா" என்று சொல்லிவிட்டு அவள் போனைப் பார்க்கப் போய்விட்டாள். எனக்கு மட்டும் தலைகால் புரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை கல்லூரிக் கணினியில் அதை ஏற்றி, எங்கள் வரிசை ஐந்து பேரின் முழுப்பெயரையும் தட்டினேன். முதலில் டயர் கடையிலேயே வேலை செய்யும் ஒரு சீனப் பையன். அடுத்து ஒரு மலாய் அக்கா. மூன்றாவது நான். நான்காவது ரெங்கத்துப் பெண். கடைசியாக, சிங்கப்பூருக்குத் தினமும் மோட்டார் சைக்கிளில் போய் வரும் ஒருவர். திரையில் பட்டியல் வந்தது. பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

என் பெயருக்குப் பின்னால், இடைவெளிகூட இல்லாமல், ரெங்கத்துப் பெண்ணின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்த வரியில் அவருடைய பெயர் மறுபடியும் தனியாக, சுத்தமாக இருந்தது. மற்ற மூன்று பேருக்கும் ஒன்றுமில்லை. என் பெயருக்கு மட்டும் அவர் வாலாக நின்றார்.

மறுபடி தட்டினேன். அப்படியேதான். கணினியை அணைத்துப் போட்டேன். அப்படியேதான். வீட்டில் ஓடியது இங்கே எப்படிக் கெட்டது? வந்ததும் கணினியைத் திறந்து வைத்துவிட்டு, குடிக்க ஒரு தே வாங்கக் கீழே போயிருந்தேன். பத்து நிமிடம் இருக்கும். திரும்பி வந்தபோது என் கீபோர்ட் இருந்த இடத்தைவிட்டு ஒரு சாண் நகர்ந்திருந்தது. அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது மூக்கு வியர்த்தது.

பக்கத்துத் திரையைப் பார்த்தேன். அதே ஐந்து பெயர். அவருடைய பட்டியல் முத்து முத்தாக நின்றது. ஒரே வகுப்பு, ஒரே மாதிரி, ஒரே பெயர்கள். அவருடையது ஓடுகிறது, என்னுடையது ஓடவில்லை.

"என்னா க்கா, ஓடலையா?" என்று கேட்டுக்கொண்டு குனிந்தார். நான் மானிட்டரை அணைத்துவிட்டேன். "ஒண்ணுமில்ல" என்றேன். அந்த ஒண்ணுமில்லையில் எவ்வளவு இருந்தது என்பது அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். நாற்காலியை இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்.

புவானைக் கூப்பிட்டேன். அவர் என் இடத்தில் உட்கார்ந்து வரிகளைப் படித்தார். பிறகு அவரே ஐந்து பெயர்களையும் விறுவிறுவென்று தட்டினார். ஓட்டினார். பட்டியல் சுத்தமாக வந்தது. என் பெயர் என் பெயராக நின்றது, வால் இல்லை. உன் புரோகிராமில் ஒரு தவறும் இல்லையே என்றார். அவர் எழுந்து போனதும் நான் தட்டினேன். வால் வந்துவிட்டது.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஆசிரியை உட்கார்ந்தால் ஒழுங்காக ஓடுகிறது. நான் உட்கார்ந்தால் பக்கத்து இருக்கைக்காரியின் பெயர் வந்து ஒட்டிக்கொள்கிறது. உலகத்தில் எத்தனையோ பெயர் இருக்க, ஏன் அந்தப் பெயர்? கணினி அறிந்த ஒருவர் இதற்கு வேறு காரணம் தேடியிருப்பார். நான் மூடி பார்க்கிறவள். எனக்குக் காரணம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

அன்று மதியம்தான் அந்த நோட்டைப் பார்த்தேன். ரெங்கத்துப் பெண் கை கழுவப் போயிருந்தார். பள்ளிப் பிள்ளைகள் கணக்குப் போடுவார்களே, சின்னச் சின்னக் கட்டம் போட்ட நோட்டு, அது மேசையில் திறந்திருந்தது. நான் தொடவில்லை. கண் போனது, அவ்வளவுதான். ஒரு பக்கம் முழுக்க என் பெயர். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்தாக, என் பெயர், நடுவில் 'இன்னாரின் மகள்' என்பதற்காக ஐசியில் போடும் ஏ/பி, பிறகு என் அப்பா பெயர். ஒரு தடவை இல்லை, நாலு தடவை. நாலாவது தடவையில் கடைசிக் கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம்.

ஊரில் எவ்வளவு ஏமாற்று நடக்கிறது, தினம் வாட்ஸ்அப்பில் வருகிறது. ஒருவர் என் பெயரை, ஐசியில் இருப்பது போலவே, பழகிப் பழகி எழுதிப் பார்க்கிறார் என்றால் எதற்கு? கையெழுத்துக்கா? பாஸ்வேர்டுக்கா? என் ஐசி எண்ணையும் எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறாரா? அடுத்த பக்கத்தைப் புரட்டும் தைரியம் வரவில்லை. நேராகக் கீழ் மாடி ஆபீசுக்கு இறங்கினேன்.

புகார்ப் படிவம் ஒரே பக்கம்தான். அந்தப் பெண்ணின் பெயரை எழுதினேன். என் கணினியைத் தொட்டார், என் புரோகிராமைப் பார்த்து எழுதினார், பிறகு அதைக் கெடுத்தார், என் பெயரை ரகசியமாக எழுதி வைத்திருக்கிறார். நாலு வரி. ஒவ்வொன்றுக்கும் என்னிடம் சாட்சி இருப்பதாகவே நம்பினேன். அதை வாங்கிய கிராணி அம்மா, அதாவது ஆபீஸ் எழுத்தர், உறுதிதானா, இதைக் கொடுத்தால் விசாரிக்காமல் விட மாட்டார்கள் என்றார். உறுதி என்றேன். அடுத்த சனிக்கிழமை பத்தரை மணிக்கு அவரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்றார்.

அந்த வாரம் முழுக்க எனக்கு நிம்மதி இருந்திருக்க வேண்டும். இல்லை. வேலையில் நல்ல மூடிகளை எடுத்துக் குப்பையில் போட்டேன். சூப்பர்வைசர் வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். குளுவாங் கிளினிக் நினைவுக்கு வரும். உடனே அந்தச் சிவப்பு வட்டத்தையும் நினைத்துக்கொண்டு மனதைக் கல்லாக்கிக்கொள்வேன்.

சனிக்கிழமை முதல் ஆளாக வந்து, கடைசி வரிசை மூலையில் போய் உட்கார்ந்தேன். இனி யாரும் என்னைத் தொட முடியாது. புரோகிராமைப் பழைய கோப்பிலிருந்து எடுக்காமல், முதல் வரியிலிருந்து புதிதாகத் தட்டினேன். அதற்குள் ரெங்கத்துப் பெண் வந்தார். என் காலி நாற்காலியைப் பார்த்தார். பிறகு மூலையில் என்னைப் பார்த்தார். நேராக வந்து, நாலாக மடித்த ஒரு தாளை என் மேசையில் வைத்தார்.

"க்கா, டெஸ்டுக்கு முன்ன இத பாத்துருங்க."

நான் நிமிரவில்லை. புகார் விஷயம் காதுக்குப் போய்விட்டது, கெஞ்சிக் கடிதம் எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். தாளை மௌஸ்பேடுக்கு அடியில் தள்ளினேன். அவர் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

புவான் முன் வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தார். நான் ஐந்து பெயர்களையும் தட்டி ஓட்டினேன்.

வால் இருந்தது.

ரெங்கத்துப் பெண் எனக்கு நாலு வரிசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். முதுகு மட்டும்தான் தெரிந்தது. இந்தக் கணினியை அவர் தொட்டதே இல்லை. இந்த வரிகள் முக்கால் மணி நேரத்துக்கு முன்பு பிறந்தவை. அப்படியும் அந்தப் பெயர் வந்து என் பெயரின் பின்னால் நின்றது. அந்த நேரம் பார்த்து முன் வரிசையில் என் பழைய இடம் கண்ணில் பட்டது. மேலே ஏர்கான். அதிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்சம் கழித்து இன்னொரு சொட்டு. போன வாரம் என் கீபோர்ட் இருந்த அதே இடத்தில். அதை ஒரு சாண் நகர்த்தி வைத்தது எதற்கு என்று எனக்கு அப்போது புரிந்தது.

அந்தச் சமயம் கிராணி அம்மா வந்து, ரெங்கத்துப் பெண்ணைக் கூப்பிட்டுக்கொண்டு போனார். மணி பத்தரை.

மௌஸ்பேடுக்கு அடியிலிருந்து தாளை எடுத்தேன். கட்டம் போட்ட நோட்டிலிருந்து கிழித்த பக்கம். மேல் வரிசையில் எண்ணி முப்பது கட்டம், அதில் என் பெயர். முதல் எழுத்து முதல் கட்டத்தில், கடைசி எழுத்து முப்பதாவது கட்டத்தில். ஒரு கட்டம்கூட மிச்சமில்லை. கீழ் வரிசையின் முதல் கட்டத்தில் ஒரு பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தின் மேலேயே அடித்து, அவருடைய பெயரின் முதல் எழுத்து. அதற்குக் கீழே உருண்டையான கையெழுத்தில் தமிழில் எழுதியிருந்தார். 'அக்கா, உங்க பேருக்கு முப்பதும் நெரஞ்சிடுது. பூஜ்யம் வைக்க எடம் இல்லாம என் வரிசைக்கு வருது. அதுமேல என் பேரு ஏறிடுது. முப்பத்தொண்ணு கட்டம் போடுங்க. நான் அப்படித்தான் போட்டேன்.'

இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவைதான் தலையில் ஏறியது. என் பெயருக்கு முடிவு வைக்க இடம் இல்லை. முடிவு இல்லாததால் கணினி நிற்காமல் அடுத்த வரிசைக்குள் போய், அவருடைய பெயரையும் என்னுடையது என்று படித்துவிட்டது. அவர் வந்து என்னோடு ஒட்டவில்லை. நான்தான் என் எல்லையில் நிற்காமல் அவர் வீட்டுக்குள் போயிருக்கிறேன்.

அப்படியானால் புவான் தட்டியபோது ஏன் சரியாக வந்தது? அதற்கும் விடை அந்தத் தாளிலேயே இருந்தது. என் அப்பா பெயரின் நடுவில் ஓர் எழுத்துக்கு அடியில் சின்னக் கோடு. நான் பிறந்தது பாலோ பக்கம் ஒரு எஸ்டேட்டில். அப்பாவின் பெயரை எழுதிய எஸ்டேட் கிராணி, யாருக்கும் தேவைப்படாத ஒரு 'எச்'சை அதில் நுழைத்துவிட்டார். அது அப்படியே என் பிறப்புப் பத்திரத்துக்கும், ஐசிக்கும் வந்துவிட்டது. உச்சரிப்பில் வராது. யாரும் எழுத மாட்டார்கள். புவானும் எல்லோரும் எழுதுகிற மாதிரி, அந்த 'எச்' இல்லாமல் தட்டினார். இருபத்தொன்பது. ஒரு பெட்டி மிச்சம். எனக்கு ஐசியில் உள்ளபடிதான் தட்டத் தெரியும். முப்பது.

நாற்பது வருடமாக என் பெயரைச் சரியாக எழுதியவர்கள் என்று யோசித்துப் பார்த்தால், எண்ண ஒரு கை விரல்கள் போதும். ஆசிரியர்கள், முதலாளிகள், என் கல்யாணப் பத்திரிகை, எல்லாவற்றிலும் அந்த எழுத்து விடுபட்டிருக்கும். அதைச் சரியாக எழுதியிருந்த ஒரு பக்கத்தைப் பார்த்துத்தான் நான் திருட்டு என்று புகார் கொடுத்திருந்தேன்.

முப்பதை முப்பத்தொன்றாக மாற்றினேன். ஓட்டினேன். வால் போய்விட்டது. புவான் என் மேசைக்கு வருவதற்கு இன்னும் இரண்டு பேர் பாக்கி. காத்திருந்தால் எனக்கு முழு மதிப்பெண். மாடிப்படியில் நான் ஓடிய வேகத்தில் ஒரு செருப்பு கழன்று டயர் கடை வரைக்கும் உருண்டது. அதை எடுக்கவில்லை.

ஆபீசில் ரெங்கத்துப் பெண் பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே நிர்வாகி. மேசையில் என் படிவம், என் நாலு வரிகள் மேலே தெரிய. அந்தப் பெண் அதைப் படித்துவிட்டார் என்பது முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. கட்ட நோட்டு விரித்திருந்தது. நிர்வாகிக்கு அதிலிருந்து ஒன்றும் விளங்கவில்லை. ஏன் இன்னொருவர் பெயரை எழுதினாய் என்று மலாயில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒற்றைச் செருப்போடு உள்ளே போனேன். "சாலா சாயா" என்றேன். தப்பு என்னுடையது. பிறகு அந்தத் தாளை மேசையில் வைத்து, எனக்குத் தெரிந்த மலாயில், பெட்டியையும் பூஜ்யத்தையும் கிராணியின் 'எச்'சையும் சொல்ல முயன்றேன். நிர்வாகி குழம்பிப் போய், புகாரைத் திரும்பப் பெறுவதானால் அதற்கும் ஒரு படிவம் இருக்கிறது என்றார். அவருக்குத் தேவை அவ்வளவுதான்.

நான் எழுதும்போது அந்தப் பெண் பேசினார். குரல் உயரவில்லை.

"வீட்டுல கம்பியூட்டர் இல்ல க்கா. நோட்டுல கட்டம் போட்டு, ஒவ்வொரு எழுத்தா நானே ஓட்டிப் பாப்பேன். வர்ற பதிலு சரியான்னு பாக்கத்தான் ஒங்க ஸ்கிரீன பாக்குறது."

நான் தலையாட்டினேன்.

"கிளினிக்ல ஒரு எழுத்து மாறினா மருந்து வேற ஆளுக்குப் போயிரும். அதனால பேர மட்டும் தப்பா எழுத மாட்டேன்." நோட்டை மூடினார். "நான் ஒங்க பேர எழுதினேன். நீங்க என் பேர எழுதியிருக்கீங்க. ரெண்டையும் பாருங்க க்கா."

மேசையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அவருடைய தாளில் என் பெயர், ஓர் எழுத்தும் தவறாமல். என் படிவத்தில் அவர் பெயர், கோபத்தில் கிறுக்கி, நடுவில் ஓர் எழுத்தை விட்டு. ஆமாம், அதைக்கூட நான் சரியாக எழுதவில்லை. வெட்கம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மன்னிச்சிடுங்க என்றேன். அவர் நோட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு மேலே ஏறினார்.

திரும்பப் பெறும் படிவத்தில் என் பெயருக்கு அச்சடித்த கட்டங்கள் இருந்தன. ஒவ்வோர் எழுத்தாக நிரப்பினேன். கடைசியில் எண்ணிப் பார்த்தேன், இரண்டு கட்டம் மிச்சம் இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மேலே போய், புவானிடம் இந்தத் திருத்தம் என்னுடையது இல்லை, ரெங்கத்துப் பெண் கண்டுபிடித்தது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். புவான் தாளைப் பார்த்துவிட்டு, முப்பது போதும் என்று சொன்னது நான்தானே என்று நெற்றியைத் தட்டிக்கொண்டார். அன்றிலிருந்து அந்தத் தாளின் நகலைத்தான் அவர் புதிய மாணவர்களுக்குக் காட்டுகிறாராம். அதில் இருப்பது என் பெயர் என்பதால், என்னிடம் அனுமதி கேட்டார். கொடுத்தேன். எனக்கு அது தண்டனையாகவே இருக்கட்டும்.

அந்தப் படிப்புத் தவணை முடியும்வரை ரெங்கத்துப் பெண் என் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. வணக்கம் வைத்தால் வணக்கம் வைப்பார். ஏர்கான் சொட்டும் இடத்தில் நானே ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். அடுத்த தவணை தொடங்கிய முதல் சனிக்கிழமை, பையைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, "தள்ளி ஒக்காருங்க க்கா" என்றார். என் மானிட்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். இன்று அவர் குளுவாங்கில் வேலை பார்க்கிறார். நான் கேமரா மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். அதுவும் என்னைப் போலவே எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறது, சில சமயம் நல்ல மூடியையும் தள்ளிவிடுகிறது. அப்போதெல்லாம் மூடியைப் பார்ப்பதற்கு முன்னால் மெஷினின் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்க்கிறேன்.

சந்தேகப் புத்தி முழுசாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். மீன்காரரிடம் இன்னும் ஐஸை விலக்கச் சொல்கிறேன். ஆனால் யாரோ ஒருவர் என் விஷயத்துக்குள் வந்து ஒட்டிக்கொள்கிறார் என்று மனசு குறுகுறுக்கும்போது, நான் முடிய வேண்டிய இடத்தில் முடிந்திருக்கிறேனா என்று முதலில் என் பக்கம் உள்ள பெட்டிகளை எண்ணிப் பார்க்கிறேன்.